சுழலும் கோடு

"இந்தப் புரோகிராமை எழுதின மகராசன் நீங்கதானா?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமா, லாக்லன் பேசறேன். நீங்க?" என்றது ஓர் இளங்குரல்.

"அலுமிட்டா. சுவாவுல, தீவுகளுக்குப் படகு விடற கம்பெனி. உங்க கையேட்டோட கடைசியில இந்த நம்பர் இருந்துச்சு. ஹோபார்ட்டுக்குப் போன் பண்ற காசு கம்பெனியோடது, அதனால நிதானமாவே திட்டலாம்."

"திட்டுங்க."

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்கற முன்பதிவையெல்லாம் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள புதுசுக்கு மாத்தணும். உங்க புரோகிராம் ஒவ்வொரு தடவையும் பாதியில நின்னுடுது."

"ஏன் நின்னுச்சுன்னு எழுதிக் காட்டுமே."

"காட்டும். எனக்குக் கண்ணு தெரியாது."

அவன் பேசவில்லை. இந்த மௌனம் அலுமிட்டாவுக்குப் பழக்கம். இதை அடுத்து ஒரு 'அடடா' வரும், அப்புறம் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறும். அதற்கு இடம் கொடுக்காமல் அவளே தொடர்ந்தாள்.

எழுத்தால் கட்டளை தட்டி வேலை வாங்கும் டெர்மினல்தான் கணினியில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே படங்கள் இல்லை, பொத்தானைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவள் எழுத்தில் கேட்பாள், அது எழுத்தில் பதில் சொல்லும். அந்தப் பதிலை இன்னொரு மென்பொருள் வாய்விட்டு வாசிக்கும். மழைநாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். லாக்லனின் புரோகிராம் வந்து அந்தப் பேச்சைக் கெடுத்தது.

"வேலை நடக்குதுன்னு காட்ட ஒரு கோடு சுத்துதாமே. அது சுத்தறப்பல்லாம் என் மிஷின் என்ன சொல்லுது தெரியுமா? செங்குத்துக் கோடு, சாய்கோடு, கிடைக்கோடு, மறுபடி செங்குத்துக் கோடு. நடுவுல சதவீதம் வேற. இந்தக் கூச்சல்ல நிஜமான சேதி எங்கேயோ முங்கிப் போகுது."

"கோடு சுத்தறது அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாருன்னா யாரு? என்னை யாரும் கேக்கலையே."

"முதல்ல அது இல்லாமதான் இருந்துச்சு. செத்த பொணம் மாதிரி அசைவே இல்லைன்னு சொன்னாங்க. அதனால சேர்த்தேன்."

"சேர்த்துட்டு ரசிச்சுப் பார்த்துட்டு இருந்தீங்களாக்கும்."

கதவு திறந்தது. மேனேஜர் செமேசாவின் செருப்புச் சத்தம். வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டதால் கூடத்தில் யங்கோனா வேர்ப்பானம் கரைத்து வைத்துவிட்டார்கள். யாரோ வழக்கப்படி கைதட்டிக் கிண்ணம் வாங்கும் ஓசையும் கேட்டது.

"அலுமிட்டா, முடியலைன்னா சொல்லிடும்மா. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல," என்றார் மேனேஜர். "திங்கக்கிழமையிலேர்ந்து டெலிபோன் பக்கம் உக்காந்துக்கோ. அங்கே கண்ணுக்கு வேலையில்ல."

"இன்னும் சாயங்காலம் முடியல, செமேசா."

"சூரியன்கிட்ட சொல்லு," என்றபடி அவர் தன் அறைக்குள் போனார்.

அலுமிட்டா ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள். "கேட்டீங்கல்ல? உங்க அழகான கோடு என் வேலையைச் சாப்பிடப் பார்க்குது. நான் படற பாட்டை நீங்களும் கொஞ்சம் அனுபவிங்க."

கட்டளையைத் தட்டிவிட்டு ரிசீவரை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தாள். பல வருஷமாகக் கூட்டிக் கூட்டி, மிஷின் அவளுக்கு வாசிக்கும் வேகம் எங்கேயோ போயிருந்தது. அலுவலகத்தில் ஒருத்தருக்கும் அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. தையல் மிஷினை முழுங்கின கிளி என்பார் செமேசா. கிளி கத்தித் தீர்த்துவிட்டு, வழக்கம்போல் பாதியில் நின்றது.

"கேட்டுச்சா?" என்றாள் அலுமிட்டா, பழி தீர்த்த திருப்தியோடு.

"நாற்பத்தொண்ணு சதவீதம் வந்ததும் 'சவுசவு'ன்னு ஆரம்பிச்சு, 'திற'ங்கறதுக்குள்ள அடுத்த கோடு வந்து மூடிடுச்சு," என்றான் லாக்லன். "சவுசவுங்கற ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல யாரோ திறந்து வெச்சிருக்காங்க. மூடச் சொல்லுங்க."

அலுமிட்டா திரும்பிக் குரல் கொடுத்தாள். "செமேசா, சவுசவு துறைமுகத்துக் கணக்கு உங்க கம்ப்யூட்டர்ல திறந்திருக்கா?"

"காலையில பார்த்துட்டு இருந்தேன். ஏன்?"

"மூடுங்க."

மறுபடி தட்டினாள். இந்தத் தடவை நாற்பத்தொன்றைத் தாண்டியது. அறுபது, எண்பது, நூறு. புதுக் கணினி ஒவ்வொரு துறைமுகத்தின் பெயராகச் சொல்லி, எல்லாம் வந்து சேர்ந்தது என்றது.

"முடிஞ்சுதா?" செமேசா வாசலில் வந்து நின்றார். குரலில் கொஞ்சம் அசடு வழிந்தது. "சரி, சரி. உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்றேன்."

அவர் போகும்வரை பொறுத்திருந்து அவள் கேட்டாள். "லாக்லன், அந்த வேகத்துல உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"அடுத்த தடவை கட்டளைக்குப் பின்னாடி 'குவைட்'னு ஒரு சொல் சேர்த்துக்கங்க. கோடும் வராது, சதவீதமும் வராது. சேதி மட்டும்தான்."

"கையேடு முழுக்கக் கேட்டேன். அப்படி ஒரு சொல் அதுல இல்லையே."

"எழுதல," என்றான் லாக்லன். "அதை எனக்காகத்தான் வெச்சேன். நான் எழுதின புரோகிராமைக் காதால கேட்டு ஓட்டறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்."