அணைக்காத மைக்

செவ்வாய்க் கிரகத்து மாணவர்களுக்கு ஒலிபரப்பாகும் வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் காலர் மைக்கைக் கழற்றி ஜன்னல் கொண்டியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை அணைத்து எடுத்து வைப்பது பல்கலைக்கழக ஆடியோ பிரிவில் இருக்கும் ஜெசிந்தாவின் வேலை. அன்று திடீரென்று மழை பிடித்துக்கொள்ளவே, வராந்தாவில் கிடந்த ஸ்பீக்கர்களை நனையாமல் உள்ளே இழுத்துப் போட ஓடியவள், மைக்கை அடியோடு மறந்துபோனாள்.

திரும்பி வந்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஆளில்லாத வகுப்பறை இவ்வளவு நேரமும் செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

"இசக்கிண்ணே, எனக்கு இன்னைக்கு மெமோதான். வெறும் எரைச்சல அனுப்பியிருக்கேன்."

"பதில் வரட்டும்மா, பாத்துக்கிடலாம்" என்றார் கூட வேலை பார்க்கும் இசக்கிராஜ்.

அங்கிருந்து பதில் வருவதற்குள் அவள் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டாள். மழை மட்டும் விட்டபாடில்லை. கடைசியில் திரையில் மாணவி பொன்னரசி தெரிந்தாள். மடியில் மகள், அந்தச் செவ்வாய்க் குடியிருப்பிலேயே பிறந்த பிள்ளை.

"அக்கா, மைக்க ஆஃப் பண்ணிராதீங்க. பாப்பா அசையாம கேட்டுக்கிட்டிருக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

குழந்தை திரையருகே முகத்தைக் கொண்டுவந்து, ரகசியம் போலக் கேட்டது:

"இத்தன பேரு யாருக்குக் கை தட்டுறாங்க?"

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த மழைதான். கொண்டியிலிருந்து மைக்கை எடுத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தாள்.

"எம்மா, மைக்கு நனையுது!" என்று பதறினார் இசக்கிராஜ்.

"நனையட்டும்ணே."