பரண் கதவு

மேலே கௌரி சிரித்தாள்.

அவளைத் தேடி ஏறி வந்த அவன் நான்காம் மாடிப் படிக்கட்டில் நின்றுவிட்டான். தலைக்கு மேலே பரண் கதவு திறந்து தொங்கியது. சுவரில் பொருத்திய இரும்பு ஏணி அதற்குள் ஏறி மறைந்தது.

உள்ளே ஒரு டோர்ச் வெளிச்சம் அசைந்தது.

பிறகு ஓர் ஆண்குரல். சொற்கள் விளங்கவில்லை. குரல் விளங்கியது. பிரணவன்.

மறுபடியும் அவள் சிரிப்பு.

தன்னோடு மனைவி கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

நோர்வேயின் வடக்கு முனையில், ஜன்னலைத் திறந்தால் மீன் தொழிற்சாலையும் கடலும் தெரிகிற அடுக்குமாடி அது. கூரை பழசாகிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் மேல்மாடி வீடுகளின் படுக்கையறைகளில் தண்ணீர் இறங்கியது. வரும் கோடையில் முழுவதையும் மாற்றுவது என்று முடிவானபோது, குடியிருப்பாளர்கள் கௌரியைத் தலைவியாக்கிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தெற்கிலிருந்து வந்த பொறியியலாளர் பிரணவன் தமிழ்ப் பிள்ளையாக இருந்தது அவளுக்குப் பெரிய சந்தோசம்.

அன்றிலிருந்து வீட்டில் கூரையைத் தவிர வேறு பேச்சில்லை.

சாப்பாட்டு மேசையில் வரைபடங்கள் விரிந்தன. அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"பனி வெயிலுக்கு உருகிறேல்லையாம். எங்கட வீட்டுச் சூடு மேல போய் அடிப்பனியை உருக்குதாம். உருகின தண்ணி கூரை ஓரத்தில திரும்ப உறைஞ்சு வழியை மறிக்குதாம். பிறகு வாற தண்ணி எங்க போறது? உள்ளுக்கு இறங்குது. பிரணவன் சொன்னவர்."

சொல்லும்போது அவள் கண்கள் பளபளத்தன.

அவனும் நாள் முழுக்கப் பனிக்கட்டிக்குள் கைவிட்டு மீன் பிரிப்பவன்தான். பனியைப் பற்றி அவனிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

போனமுறை வந்தபோது பிரணவன் நண்டுக்கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். கால்களைத் தேடித் தேடி அவள் போட்டாள். அன்று முழுவதும் கணவனுக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. கறியில் உறைப்புக் கூட என்று சொல்லி வைத்தான்.

இப்போது மேலே அவர்கள் இருவர். இருட்டு. ஒரு டோர்ச்.

ஏணியில் ஏறினான். சத்தமில்லாமல் கதவைத் தூக்கிப் பொருத்தினான்.

தாழ்ப்பாளைத் தள்ளினான்.

இரண்டாம் மாடி வீட்டுக்கு இறங்கி வந்து கேத்திலில் தண்ணீர் வைத்தான். நண்பகல்தான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. இந்த மாதங்களில் சூரியன் அங்கே தலைகாட்டுவதில்லை.

இப்போது தட்டுவார்கள். கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் ஒன்றாகத் தலைகுனிந்து இறங்கி வருவார்கள். படிக்கட்டில் நின்று பார்ப்பேன்.

தட்டவில்லை.

வாசற்கதவைத் திறந்து வைத்துக் காது கொடுத்தான். யாரும் கூப்பிடவில்லை.

கதவு மூடியது தெரியவில்லையா? தெரிந்தும் வெளியே வர அவசரமில்லையா?

தட்டாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தேநீரை வார்த்தான். குடிக்கவில்லை. அது ஆடை கட்டி ஆறியது.

படிக்கட்டில் காலடிகள் கேட்டன.

கீழேயிருந்து வந்தன.

திறந்திருந்த வாசலில் பிரணவன் நின்றான். தோளெல்லாம் பனி. கையில் பயணப்பை.

"அண்ணை, பிளேன் பிந்திப்போச்சு. அக்கா இன்னும் மேலயோ? அக்கா போனை ஸ்பீக்கரில போட்டிருந்தவ, டாக்சியில வரேக்க கதைச்சுக் கதைச்சுத்தான் வந்தனான். எங்க வெளிச்சம் அடிச்சுப் பாக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்க, லைன் கட்டாயிட்டுது. குளிருக்கு போன் செத்துப்போச்சுப் போல."

அவன் காலில் செருப்புமில்லாமல் படிகளில் ஓடினான்.

தாழ்ப்பாள் குளிரில் இறுகியிருந்தது. விரல் தோல் உரிய இழுத்தான். கதவு விழுந்து தொங்கியது.

உள்ளே வெளிச்சமில்லை. டோர்ச்சும் அந்த போன்தான்.

கௌரி கதவின் ஓரத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணியில் அவள் மூச்சு வெள்ளையாக உறைந்திருந்தது.

"ஏன் தட்டேல்லை?"

அவள் கழுத்துத் துணியை வாயிலிருந்து விலக்கினாள்.

"உங்கட நடைச் சத்தம் எனக்குத் தெரியாதே? நீங்கள் எப்ப திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவன் ஏணியிலிருந்து இறங்கி வழிவிட்டான். கையை நீட்டினான். அவள் விறைத்த விரல்களால் கம்பிகளைப் பிடித்து, ஒவ்வொன்றாக, தானே இறங்கினாள்.

பிரணவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"கதவு இப்பத்தான் திறந்த சத்தம் கேட்டுது. என்னக்கா, கதவைச் சாத்திப்போட்டு இருட்டுக்க?"

"கதவுக் கொண்டி தானா விழுந்திட்டுது, தம்பி."

தம்பி என்றாள். கணவனின் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் சொன்னது சரி. பலகையால வெளியில வந்த ஆணி முனையெல்லாம் பனி பூத்துக் கிடக்கு. எங்கட சூடுதான்."

"அப்ப முதல்ல கீழயிருந்து சூடு போற இடுக்கெல்லாம் அடைக்கோணும். பிறகுதான் கூரை."

"ஓம். இன்னொண்டும் சேர்க்கோணும்."

"சொல்லுங்கோ அக்கா."

"இந்தக் கதவு உள்ளுக்கிருந்தும் திறக்கக் கூடியதா இருக்கோணும்."

"அது சின்ன வேலை," என்றான் பிரணவன்.

அவள் தலையாட்டினாள். இருவரும் கூரை ஓரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கீழே போனார்கள். இரண்டாம் மாடியில் அவள் குரல் தேய்ந்தது. வீட்டு வாசலை அது கடந்து போனதைக் கேட்டான்.

சுவரில் அறைந்த ஏணி. அதை யாரும் பிடிக்கத் தேவையில்லை.

அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.