நத்தையின் வாசல்

அந்த ஆற்றில் எல்லோரையும் அக்கரை சேர்ப்பது யானைதான். ஆமையும் அதே தொழிலில் இறங்கியது. அதற்குக் கிடைத்த ஒரே பயணி நத்தை.

யானை சிரித்தது. "தம்பி, பேசாமல் என்னிடம் வேலைக்கு வந்துவிடு."

"மாட்டேன், அண்ணே. நீங்கள் இறக்கிவிடும் துறையிலிருந்து வீடு போய்ச் சேர நத்தையக்காவுக்கு இரண்டு நாள் ஆகிறது. நான் வாசலிலேயே இறக்கிவிடுகிறேன்."

"அவ்வளவுதானே? இனி நானும் வாசலுக்கே போகிறேன்."

மறுநாள் நத்தையைச் சுமந்துகொண்டு யானை கோரைப்புதருக்குள் நுழைந்தது. ஆமை பின்னாலேயே நீந்தி வந்தது.

"ஐயோ, நிறுத்துங்கள்! நீங்கள் மிதிக்கப்போவது என் வீடு!" என்று நத்தை அலறியது.

தூக்கிய காலோடு யானை அப்படியே நின்றது. நத்தை மெல்ல இறங்கி, ஆமையின் முதுகில் ஏறிக்கொண்டது.

ஆமை திரும்பிப் பார்த்தது.

"நாளை எறும்பின் வீட்டுக்குப் போகிறேன், அண்ணே. முடிந்தால் வாருங்கள். அந்த வாசல் இதைவிடச் சின்னது."