இரண்டாவது கணு

லாசர் வீட்டுப் பின்புறம், காலை வெயில் ஆர்க்கிட் தொட்டியில் விழுகிறது. அவர் மனைவி அருள்மேரி இறந்து நாற்பது நாளாகிறது. அவள் வளர்த்த செடியின் கடைசிப் பூ நேற்றுதான் உதிர்ந்தது. மறுபடி பூக்கவேண்டுமென்றால் பூத்த தண்டைக் கணுவுக்கு மேலே வெட்டிவிட வேண்டும். எப்போதும் அவள்தான் வெட்டுவாள். லாசர் கத்தரியோடு குனிந்து, பச்சைத் தண்டை விரலால் தடவிப் பார்க்கிறார். நான்கு கணுக்கள் இருக்கின்றன. சமையலறைப் பக்கம் திரும்பி, "எத்தினி கணு வுடணும்?" என்று கேட்டுவிடுகிறார். வேலிக்கு அப்பால் துணி உதறிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு லீலா நிமிர்கிறாள். "இன்னாண்ணா, என்னியா கேட்டீங்க?" "ஆமாம்மா, உன்னைத்தான்." "எனக்கு இன்னா தெரியும்? அக்காவுக்குத்தான் தெரியும்" என்கிறாள். லாசர் தலையாட்டுகிறார். இரண்டாவது கணுவுக்கு மேலே கத்தரியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார்.