மூன்றாவது மெஷின்

"வேண்டாங்க. இந்த மெஷினு ரொம்பச் சத்தம் போடுது" என்றாள் முனீஸ்வரி.

வைகுண்டராஜ் திகைத்துப் போனார். ராஜபாளையத்தில் பெரிய சைஸ் பிரிண்டர் விற்கிறவர் அவர். இங்க் செலவு அதிகம் என்பார்கள், சர்வீஸுக்கு ஆள் வருமா என்பார்கள். சத்தத்துக்காக யாரும் மெஷினை வேண்டாம் என்றதில்லை.

"மதினி, இது மிக்ஸி இல்ல. கண்காட்சிக்குப் பிரிண்ட் போடுற மெஷின்."

"இருக்கட்டும். மண்டையப் பிளக்குது."

அவள் கணவன் ஹரிகிருஷ்ணன், அப்போதுதான் வெளியே வந்த பிரிண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஆளுயரப் படம். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண், ஆண்டாளுக்குச் சாத்திய இலைக்கிளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவன் எடுத்த படம்தான். பக்கத்து ஊரான கிருஷ்ணன்கோவிலில் அடுத்த மாதம் அவனுடைய முதல் கண்காட்சி. பிரிண்டுக்காக இனி மதுரைக்கு ஓட வேண்டாம் என்று, சொந்தமாக மெஷின் வாங்க வந்திருந்தார்கள்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது முனீஸ். தேர் வடம் நார் நாராத் தெரியுது பாரு."

"சத்தம் எனக்கு ஒத்துக்கிடாதுங்க."

"சரி, வேண்டாம்னா விடு" என்றான் ஹரிகிருஷ்ணன்.

வைகுண்டராஜுக்கு எரிச்சலாக வந்தது. படம் எடுத்தவனுக்கே பிடித்திருக்கிறது. இந்த அம்மாவுக்கு என்ன வந்தது?

இரண்டாவது மெஷினில் வேறு பேப்பர் போட்டு ஓட்டினார்.

"அடேயப்பா! அந்தப் பொண்ணோட நெத்தி வேர்வைகூடத் தெரியுதே அண்ணாச்சி!" ஹரிகிருஷ்ணன் குதித்தான்.

முனீஸ்வரி பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த மெஷினு உயரமா இருக்கு. நம்ம கடை வாசல்ல நுழையாது."

"கழட்டித்தான் கொண்டு வருவோம் மதினி. உள்ள வச்சு மாட்டிக் குடுத்துருவோம்."

"அப்படின்னாலும் வேண்டாம்."

வைகுண்டராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மெஷினை ஓட்டினார். "இதுதான் கடைசி. சிவப்புக்குன்னே தனியா ஒரு இங்க் இருக்கு. இதுவும் வேண்டாம்னா என்கிட்ட வேற மெஷின் இல்ல."

பிரிண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிளி முழுசாக வெளியே வந்ததும் முனீஸ்வரி கையைத் தட்டினாள்.

"இதுதாங்க! இதுதான்!"

"இதுல என்ன மதினி விசேஷம்?"

"இது... பாக்க லட்சணமா இருக்கு."

ஹரிகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. இதையே எடுத்துக்கிடுதோம். நான் போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாரேன்."

அவன் வெளியே போனதும் வைகுண்டராஜால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீய. அவர் எம்புட்டுப் பெரிய கலைஞர்! கண்ணு அவருது, படம் அவருது. சத்தம், உயரம், லட்சணம்னு நீங்க பேசினா, நாலு பேர் முன்னால அவருக்கு அசிங்கமா இருக்காதா?"

முனீஸ்வரி கோபப்படவில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பிரிண்டையும் மேஜையில் வரிசையாக விரித்தாள்.

"கிளி மூக்கைப் பாருங்க."

பச்சை இலையில் கட்டிய கிளி. மூக்குக்கு மாதுளம்பூ. முதல் பிரிண்டில் அது காய்ந்த சருகு மாதிரி இருந்தது. இரண்டாவதில் வெளிறிப் போயிருந்தது. மூன்றாவதில் இப்போதுதான் பறித்த பூ.

"அட ஆமா! இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவியளை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? அவியளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு போலத்தான் தெரியும்."

வைகுண்டராஜ் மூன்று பிரிண்டையும் மறுபடி மாறி மாறிப் பார்த்தார்.

"தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா பாதி காயா வரும். அதுலதான் கண்டுபிடிச்சேன். போட்டோகிராபருக்குக் கலர் தெரியலைன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? அந்தப் பயத்துல என்கிட்டகூடச் சொல்லல. கம்ப்யூட்டர் பழக ஆசையா இருக்குன்னு சொல்லி, கலர் பாக்குற வேலையை நானே வாங்கிக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிராதீய."

"நான் உங்களை என்னமோ நினைச்சுட்டேன், மதினி."

"நினைச்சா நினைச்சுட்டுப் போங்க. மெஷின் நல்லா அமைஞ்சிருச்சுல்ல?" என்று சிரித்தாள்.

டீ வந்தது. குடித்து முடித்ததும், தங்கச்சியிடம் சொல்ல வேண்டும் என்று முனீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "ஏட்டி, மெஷின் எடுத்தாச்சு!" என்று அவள் கத்தியது உள்ளே வரை கேட்டது.

"நீங்க குடுத்து வச்சவர் அண்ணாச்சி" என்றார் வைகுண்டராஜ்.

ஹரிகிருஷ்ணன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தான்.

"எனக்குக் கலர் தெரியாதுங்கிறது அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் சங்கடப்படக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் புதுசு புதுசா ஒரு பொய்யை யோசிச்சுச் சொல்லுவா. அதைக் கேக்கவே அம்புட்டு ஆசையா இருக்கும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீய!"