ஐஸ்லாந்துக்கு ஒரு ரயில்

“நீங்களும் பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?” என்று கேட்டாள் பிரணவி.

“ஓம். கார் எடுத்தால் புகைதானே” என்றான் திலக்சன்.

பாட்டனி டவுன்ஸில் இருந்து மவுண்ட் வெல்லிங்டனுக்கு பஸ் மாறி வந்ததில் அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கார் வீட்டு வாசலில் சும்மா நின்றது. கடைத்தொகுதியின் காப்பிக்கடையில் இருவருமே காகிதக் கோப்பை வேண்டாம் என்று ஒரே நேரத்தில் சொல்லி, சொந்தக் கோப்பையை நீட்டினார்கள். திலக்சனுடைய கோப்பை முதல் நாள் வாங்கியது. விலைச்சீட்டை பஸ்ஸில் வைத்துத்தான் நகத்தால் சுரண்டி எடுத்தான்.

அவனுக்கு வீட்டுச் சாமான் விற்கும் கடையில் வேலை. கல்யாணத்துக்காக இதற்கு முன் இரண்டு பெண்களைச் சந்தித்திருந்தான். இரண்டு தடவையும் பேச ஒன்றும் தோன்றாமல், துணி துவைக்கும் இயந்திரத்தில் முன்கதவு நல்லதா, மேல்கதவு நல்லதா என்று விளக்கிக்கொண்டிருந்தான். காப்பி ஆறுவதற்கு முன்பே அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் இந்த முறை, இரு வீட்டுக்கும் பொதுவாகப் பேச்சைக் கொண்டுவந்த இராசமலர் மாமி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஹில்ஸ்பரோவில் இருக்கும் பிரணவி மருந்துக்கடையில் வேலை செய்பவள். ஆனால் உயிர் முழுக்க யூரோப்பில்தான். அங்கே ரயிலில் மட்டும்தான் சுற்றுவாள், பிளாஸ்டிக் போத்தலைத் தொடமாட்டாள், அருமையாகப் படம் எடுப்பாள். நீயும் அங்கே போய் வந்தவன் மாதிரிக் கதைத்துக்கொள் என்று சொல்லி, பிரணவி எடுத்ததாகச் சில படங்களையும் ஃபோனுக்கு அனுப்பியிருந்தாள். திலக்சன் ஒரு கிழமையாக அவற்றைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தான்.

“அந்தச் சைக்கிள் கிழவற்ற படம் எனக்குச் சரியாப் பிடிச்சது” என்று தொடங்கினான்.

பிரணவியின் முகம் மலர்ந்தது. “என்ன ஒரு படம் அது. அந்தச் சிரிப்பைப் பிடிக்கிறதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்.”

தன்னைத்தானே கொஞ்சம் கூடுதலாகப் புகழ்கிறாளோ என்று திலக்சனுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் சொன்னது உண்மைதான். திறமை இருக்கிறவள் சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு?

“பனிமலைப் படம் எடுக்கேக்க விரல் எல்லாம் விறைச்சிருக்குமே?”

“கட்டாயம் விறைச்சிருக்கும்” என்றாள் அவள், மிகுந்த அனுதாபத்தோடு.

பேச்சு நன்றாகவே போனது. இன்னொரு படத்தில் இருந்த வாய்க்கால் வெனிஸ்தானே என்று அவன் கேட்டதற்கு, வெனிஸ் இல்லாமல் வேறு எங்கே என்றாள். ஹோட்டல் துவாயைத் தினமும் தோய்க்கக் கொடுப்பது பாவம் என்று அவன் சொன்னான். அவள் ஒரு படி மேலே போய், ஹோட்டலே பாவம் என்றாள். கடைசி மிடறு குடித்து முடித்த பிறகும் அவள் எழுந்து போகவில்லை. திலக்சனுக்கு அதுவே புது அனுபவம். அவள் சிரிக்கும்போது மூக்கு மெல்லச் சுருங்குவது அவனுக்குப் பிடித்திருந்தது.

“அடுத்த முறை எந்தப் பக்கம் போற யோசனை?” என்று கேட்டாள்.

“ஐஸ்லாந்து” என்றான் வாய்க்கு வந்தபடி. “ஜெர்மனியில இருந்து நேர ரயில்ல போகலாம்.”

“அதுதான் நல்லது. ரயிலில போனால்தான் ஊரைப் பாத்துக்கொண்டு போகலாம். சரிவந்தால் ரெண்டு பேருமாப் போவம்.”

சொல்லிவிட்டு அவள் வெட்கத்தோடு கோப்பைக்குள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப் படம் திலக்சனின் நினைவுக்கு வந்தது. ஐஸ்லாந்தைச் சுற்றி நான்கு பக்கமும் நீலம். கடலுக்குள் எந்த ரயில் போகும்?

அவனுக்குக் காது சுட்டது. அத்தனை தடவை யூரோப் போனவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? முதலில் இருந்தே பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படி இல்லாமல் உண்மையாகவே நம்பியிருந்தால் அது இன்னும் மோசம். ரெண்டு பேருமாப் போவம் என்று சொன்ன ஒருத்தியை எப்படி ஏமாற்றுவது? எதுவானாலும் இனி மறைக்கக்கூடாது என்று முடிவு செய்தான்.

“பிரணவி, குறை நினைக்காதேங்கோ. நான் யூரோப் பக்கமே போகேல்ல. கொழும்பில ஏறி இஞ்ச இறங்கினதுதான் என்ர பயணம். இஞ்ச பக்கத்துத் தீவுக்குப் போற வைஹெக்கி ஃபெரியில ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். உங்கட படங்களைப் பாத்தன். இப்பிடி எடுக்கிற ஒராளுக்கு வாஷிங் மெஷின் விக்கிறவனைப் பிடிக்குமோ எண்ட பயத்திலதான் இவ்வளவும் சொன்னனான்.”

பிரணவி கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். திலக்சன் எழும்புவதற்குத் தயாராகப் பையைத் தோளில் மாட்டினான்.

“என்ர படங்களோ?” என்றாள் அவள், குரல் எழும்பாமல். “அதெல்லாம் நீங்கள் எடுத்ததெண்டு சொல்லித்தானே மாமி எனக்கு அனுப்பினவ. லீவு போட்டெல்லோ நான் பாடமாக்கினனான்.”