ஒன்பது மில்லி மீதி

எங்கள் ஆய்வகத்தில் செல்களுக்குள் வைரஸை வளர்த்துச் சுத்திகரிப்போம். மரபணு இல்லாத வெற்று வைரஸ் உறைகளை ஒதுக்கிவிட்டு, நல்ல மரபணுவைச் சுமப்பவற்றை மட்டும் குப்பிகளில் அடைப்போம். தசை நோயுள்ள குழந்தைகளுக்கான மருந்து அது. ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லி.

நான்கு வருஷத்துக்கு முன் முதல் தொகுதி தயாரானபோது, அதே நோயில் என் மகன் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. குப்பிகளை நிரப்பிய பிறகு ஒன்பது மில்லி மீந்தது. அவன் கடைசி எடை ஒன்பது கிலோ.

"கணக்கு எங்கயோ உதைக்குதும்மா," என்றார் மேலாளர். "சரி, மீதியை பிளீச்ல கொட்டிடு."

விதி அதுதான். கொட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் மீந்தது. பத்து, பதினொன்றரை, பதின்மூன்று. குப்பி நிரப்பும் பம்பை மாற்றிப் பார்த்தார்கள். வீட்டில் கணவரிடம் எண்ணை மட்டும் சொல்வேன்.

"வயசுக்கு சரியாத்தான் இருக்கு," என்பார். பதினைந்தரை என்று சொன்ன அன்று சிரித்தேவிட்டார். "உன் தம்பி மாதிரி குண்டாயிடப் போறான், பாரு."

இன்று மதியம் பன்னிரண்டுதான் மீந்தது. இரண்டு முறை அளந்தேன். பிளீச் வாளியைத் திறந்தேன். கொட்ட முடியவில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அறைத் தொலைபேசியில் கணவரை அழைத்து எண்ணைச் சொன்னேன்.



"ஏன் இப்படி இறங்கிடுச்சு?" என்றார். "சரியா சாப்பிடலையா அவன்?"